டீச்சரம்மா – சனிக்கிழமைக்கு வேண்டியது

குழு: நம்ம தெரு, சீடர் ஃபால்ஸ், ஐயோவா, அமெரிக்கா

செவ்வாய்

கலா அக்கா (மாலை 6.10): தவறிப்போன நம்ம டீச்சரம்மாவோட மகன் இப்பத்தான் பேசினார். வெள்ளி மாலை 4 முதல் 7 வரை ஃப்யூனரல் ஹோம்ல பார்வை நேரம், அதாவது குடும்பத்தைப் பார்த்து ஆறுதல் சொல்றது. சனி காலை 10.30க்கு சர்ச்ல ஆராதனை, அப்புறம் கல்லறைத் தோட்டம், திரும்பி வந்து சர்ச் கீழ்த்தளத்துல சாப்பாடு. நம்மகிட்ட மூணு கேட்டிருக்கார். சர்ச்ல வாசிக்க ஒரு பக்கம், அவங்க பள்ளிக்கூடச் சாமான் வெச்சு ஒரு மேஜை, சாப்பாட்டுக்கு ரெண்டு ட்ரே. அட்டைப்பெட்டி நாலு என் கராஜ்ல இருக்கு.

கலா அக்கா (6.11): பக்கம் எழுதறது பிரபு. மேஜை முருகேசன் அண்ணா. ட்ரே நானும் ஜெயந்தி மாமியும்.

பிரபு (7.45): முதல் வரைவு போட்டுட்டேன், பாருங்க.
"1931இல் ஐயோவாவில் ஒரு பண்ணையில் பிறந்தார். இரண்டு கல்லூரிகளில் பயின்றார். 1949 முதல் 1993 வரை 44 ஆண்டுகள் ஆசிரியப் பணி. அன்பே உருவானவர். எண்ணற்ற பிள்ளைகளின் வாழ்வில் ஒளியேற்றியவர். ஊதா மை வாசனையோடு அவர் தந்த தாள்களை யாரும் மறக்க முடியாது."

முருகேசன் அண்ணா (8.02): ஒளி ஏத்தினது இருக்கட்டும் பிரபு, அடுப்பு ஏத்தினதை எழுதுப்பா. இந்தப் பக்கத்தை எந்த ஊர் எந்த டீச்சருக்கும் வாசிக்கலாம். தவிர இதுல மூணு தப்பு இருக்கு.

பிரபு (8.03): மூணா?

முருகேசன் அண்ணா (8.09): முதல்ல காலேஜ். ரெண்டு இல்ல, ஒண்ணுதான். பெட்டியில 1951 கோடை வகுப்புத் தாள்ல "ஐயோவா ஸ்டேட் டீச்சர்ஸ் காலேஜ்"னு இருக்கும். 1968 பட்டத்துல "யுனிவர்சிட்டி ஆஃப் நார்தர்ன் ஐயோவா"ன்னு இருக்கும். நம்ம ஊர்ல இருக்கற அதே காலேஜ்தான். 1876ல நார்மல் ஸ்கூலா, அதாவது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியா ஆரம்பிச்சது, 1909ல டீச்சர்ஸ் காலேஜ், 1961ல ஸ்டேட் காலேஜ் ஆஃப் ஐயோவா, 1967ல இப்ப இருக்கற பேரு. இந்த ஊர்ல சர்ச்ல உக்கார்ந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர் அங்க படிச்சவங்க. ரெண்டு காலேஜ்னு வாசிச்சா முதல் வரியிலயே காது மூடிக்கும்.

முருகேசன் அண்ணா (8.14): ரெண்டாவது, 44 வருஷம். கடைசி வருஷத்துலேர்ந்து முதல் வருஷத்தைக் கழிச்சு எழுதியிருக்கே. ஒப்பந்தத் தாள் எல்லாம் கட்டி வெச்சிருக்காங்க, அதை எண்ணு. 1949 இலையுதிர்ல ஆரம்பிச்சு 1956 வசந்தம் வரைக்கும் கிராமப் பள்ளி, ஏழு கல்வியாண்டு. அப்புறம் பிள்ளைங்க. 1964ல டவுன்ல மூணாம் வகுப்பு, 1993 வரை 29. மொத்தம் 36. கிராமப் பள்ளிக்கு வருஷா வருஷம் புது ஒப்பந்தம், அதனால ஒரு தாள் ஒரு வருஷம்னு கணக்கு சுலபம். ஓய்வூதியக் கணக்கை மட்டும் வெச்சு எண்ணாதே. ஐபெர்ஸ், அதாவது ஐயோவா அரசு ஊழியர் ஓய்வூதியத் திட்டம், வந்ததே 1953லதான்.

பிரபு (8.15): சரிண்ணா. மூணாவது?

முருகேசன் அண்ணா (8.21): வாசனை. மணக்கற ஊதா தாள் டவுன் பள்ளிக்கூடத்துல நகல் எடுக்கற ஸ்பிரிட் மெஷின்ல சுத்தினது. வாசனை அந்த ஆல்கஹாலோடது. கிராமப் பள்ளியில மெஷினும் கிடையாது, பல இடத்துல கரண்டே லேட்டாத்தான் வந்தது. அங்க ஜெலட்டின் தட்டு, அதாவது ஹெக்டோகிராஃப். அதுவும் ஊதாதான், ஆனா மணக்காது. 80 வயசு மாணவருக்குத் தட்டு ஞாபகம், 50 வயசுக்காரருக்கு வாசனை ஞாபகம். ரெண்டையும் எழுது, எது எங்கன்னு பிரிச்சு எழுது.

ஷாலினி (8.30): கிராமப் பள்ளின்னா ஒரே ரூம்ல எல்லா கிளாஸுமா? ஒரு டீச்சரேவா?

முருகேசன் அண்ணா (8.44): ஆமாம்மா. ஒண்ணு முதல் எட்டு வரை. இங்க டவுன்ஷிப்னா 6 மைலுக்கு 6 மைல் சதுரம். ரெண்டு மைலுக்கு ஒரு பள்ளின்னு வெச்சா ஒரு டவுன்ஷிப்புக்கு ஒன்பது. எந்தப் பிள்ளையும் ரொம்ப தூரம் நடக்கக் கூடாதுங்கறது கணக்கு. 1900 வாக்குல ஐயோவாவுல மட்டும் இப்படி 12,000க்கு மேல இருந்தது. 1960கள் நடுவுல எல்லா இடமும் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கற பள்ளி மாவட்டத்துல சேர்ந்தே ஆகணும்னு சட்டம் வந்ததும் மிச்சம் மீதியும் மூடியாச்சு. அப்படி ஒரு கட்டடத்தைப் பார்க்கணும்னா யூனிவர்சிட்டிக்குப் போ. 1893ல கட்டின மார்ஷல் சென்டர் பள்ளியை போகஹொன்டாஸ் கவுண்டியில இருந்து அப்படியே தூக்கிட்டு வந்து வெச்சிருக்காங்க.

ஷாலினி (8.46): 18 வயசுல எப்படி டீச்சர் ஆனாங்க? டிகிரி 1968லதானே?

முருகேசன் அண்ணா (8.55): ஹைஸ்கூல்லயே நார்மல் ட்ரெய்னிங்னு ஒரு படிப்பு இருந்தது. 1911 சட்டத்துல வந்தது. பன்னிரண்டு முடிக்கும்போதே கிராமப் பள்ளியில பாடம் நடத்தச் சான்றிதழ் கிடைக்கும். அதுக்கப்புறம் கோடையில காலேஜ் போய்க் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கறது. டிகிரி வர 19 வருஷம் ஆனது தாமதம் இல்ல, அந்தத் தலைமுறைக்கு அதுதான் வழி. பிரபு, "பின்னாளில் பட்டம் பெற்றார்"னு ஒரு வரியில தள்ளிடாதே. "கோடைகாலங்களில் படித்து 1968இல் முடித்தார்"னு போடு.

பிரபு (9.01): அண்ணா, அவங்க ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்னு ஒரு பத்தி வைக்கலாமா? விவரம் குடுங்க.

முருகேசன் அண்ணா (9.32): வைக்கலாம்னு என்ன, அதுதான் பக்கமே. எழுதிக்கோ.

பள்ளி 9 மணிக்கு. டீச்சர் ஏழரைக்கு முன்னாடி வந்தாகணும், ஏன்னா அடுப்பு. நிலக்கரி அடுப்பைப் பத்த வைக்க மக்காச்சோளத் தக்கை. அதுக்கு இந்த ஊர்ல பஞ்சமே இல்ல. சாயங்காலம் கிளம்பறப்போ தணலைச் சாம்பலால மூடிட்டுப் போனா காலையில கிளறிக் காத்துவழியைத் திறந்தா போதும். சாம்பல் கம்மியா போட்டா ராத்திரியே எரிஞ்சு தீர்ந்துடும், ரொம்பப் போட்டா மூச்சு முட்டி அணையும். திங்கக்கிழமை எப்படியும் அணைஞ்சுதான் கிடக்கும், ரெண்டு நாள் தணல் தாங்காது. அதனால திங்கள்னா இன்னும் அரைமணி முன்னாடி.

அடுத்தது அடிபம்பு. உள்ள தோல் வாஷர். காய்ஞ்சு சுருங்கினா வெறும் காத்துதான் இழுக்கும். முந்தின நாளே ஒரு ஜாடி தண்ணி எடுத்து வெச்சு, அதை மேல ஊத்தி அடிச்சாத்தான் ஏறும். அந்த ஜாடியை யாராவது குடிச்சுட்டா பக்கத்துப் பண்ணைக்குத்தான் ஓடணும்.

பத்து மணிக்குப் பிள்ளைங்க கொண்டு வந்த சூப் பாட்டிலை ஒரு தட்டத் தண்ணியில நிறுத்தி அடுப்பு மேல வைக்கணும். மத்தியானத்துக்குள்ள சூடாயிடும். மூடியைத் தளர்த்தி விடணும். இறுக்கி விட்டா வெடிக்கும்.

இதுக்கெல்லாம் நடுவுலதான் பாடம்.

பிரபு (9.34): எட்டு கிளாஸுக்கு ஒரே ஆள் எப்படி நேரம் பிரிச்சாங்க?

முருகேசன் அண்ணா (9.50): 9ல இருந்து 4. ஒரு மணி நேரம் மத்தியானம், கால் மணி நேரம் ரெண்டு இடைவேளை. மிச்சம் 330 நிமிஷம். அவங்க கால அட்டவணை ரெண்டாவது பெட்டியில இருக்கு, நாளைக்கு 28 ஒப்பித்தல். வகுத்துப் பாரு, ஒண்ணுக்கு 12 நிமிஷம்கூட வராது. முன்னாடி ஒரு பெஞ்ச், ஒரு வகுப்பு வந்து உக்கார்ந்து ஒப்பிக்கும், மத்ததெல்லாம் இடத்துல எழுதிட்டு இருக்கும். எழுத என்ன குடுக்கறதுங்கறதுலதான் முழு வித்தையும். அதுக்குத்தான் ஜெலட்டின் தட்டு, ராத்திரி வீட்டுல உக்கார்ந்து நகல் எடுக்கறது.

இன்னொண்ணு. ஏழும் எட்டும் சேர்த்து ஒரே வகுப்பு. இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் ஏழாம் பாடம், அடுத்த வருஷம் எட்டாம் பாடம். சில பிள்ளைங்க எட்டை முதல்ல படிச்சுட்டு அப்புறம் ஏழு படிச்சிருக்கும். அவங்க ரெஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு, பிழைன்னு நினைச்சுத் திருத்திடாதே.

ஜெயந்தி மாமி (9.58): 28 வகுப்பு நடத்திட்டு ராத்திரி நகல் வேறயா. கைமணி இருக்கா பெட்டியில?

கலா அக்கா (9.59): இருக்கு மாமி, பித்தளை. பிரேஸ்ஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க யாரும். கைபட்டுக் கறுத்தது அப்படியே இருக்கட்டும்.

புதன்

பிரபு (காலை 7.20): பேப்பர் அறிவிப்புல டீச்சரம்மாவோட பிறந்த வீட்டுப் பேரைப் போடலாமான்னு மகன் கேக்கறார். யாரோ வேணாம்னு சொன்னாங்களாம்.

கலா அக்கா (7.41): ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. டீச்சரம்மா பிறந்த வீட்டுப் பேருன்னா மகனுக்கு அது "அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்", அதாவது பேங்க்ல கேக்கற ரகசியக் கேள்வி. முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி இதெல்லாமும் அறிவிப்புல கூடாது, பிறந்த வருஷம் போதும். செத்தவங்க பேர்ல கார்டு வாங்கறவங்க இந்தப் பக்கத்தைத்தான் மேயறாங்க.

முருகேசன் அண்ணா (7.48): ஆனா அந்தப் பேரு இல்லாட்டி 1949லேர்ந்து படிச்சவங்களுக்கு யாருன்னே தெரியாது. அவங்களுக்கு டீச்சரம்மா "மிஸ்" இன்னார். கவுண்டி ரெஜிஸ்டர்லயும் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேருதான் இருக்கும்.

கலா அக்கா (7.52): அதனால பேரைப் போடச் சொல்லு பிரபு. பேங்க்ல கேள்வியை மாத்திக்கச் சொல்லு. பத்து நிமிஷ வேலை. அம்மா பேரை மறைக்கறதைவிட அது மேல்.

முருகேசன் அண்ணா (7.53): 👍னு போடறதுக்குப் பதிலா சொல்றேன், ரொம்பச் சரி.

கலா அக்கா (7.57): அப்புறம் சனி 10லேர்ந்து 2 வரை டீச்சரம்மா வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். நேரம் பேப்பர்ல வந்துடுது, வீடு காலின்னு ஊருக்கே தெரியும். விளக்குப் போட்டு, காரை வாசல்ல நிறுத்தி உக்காரணும். யாரு?

ஷாலினி (8.05): நான் இருக்கேன் அக்கா. குழந்தை அப்ப தூங்குவான்.

கலா அக்கா (8.06): நன்றிம்மா. மகன்கிட்ட இன்னும் ஒண்ணு. சோஷியல் செக்யூரிட்டிக்கு ஃப்யூனரல் ஹோமே சொல்லிடும். ஆனா இறந்த மாசத்துக்கான பணம் அடுத்த மாசம் கணக்குல விழுந்தா எடுக்கக் கூடாது, திருப்பி வாங்கிக்குவாங்க. ஐபெர்ஸுக்கு அவர் தனியா சொல்லணும்.

ஷாலினி (8.15): வெள்ளிக்கிழமை பார்வை நேரத்துக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்? மாலையா?

ஜெயந்தி மாமி (8.22): மாலை வேண்டாம். "பூவுக்குப் பதிலாக"ன்னு அறிவிப்புல ஒரு நிதி பேரு இருக்கும். ஒரு கார்டு, உள்ள செக், செக்குல அந்த நிதி பேரு. உறை மேல உன் பேரும் முகவரியும் எழுது, அவங்க நன்றிக் கடிதம் அனுப்புவாங்க. வரிசையில நின்னு கை குடுத்து ரெண்டு வாக்கியம், அவ்வளவுதான். பின்னாடி நாப்பது பேர் நிப்பாங்க. கையெழுத்துப் புத்தகத்துல எந்த வருஷம், எந்த வகுப்புன்னு எழுதற வழக்கத்தை ஆரம்பிச்சு வைக்கணும்னு மகன்கிட்ட சொல்லியிருக்கேன். முதல் பக்கத்துல நாலு பேர் அப்படி எழுதிட்டா மத்தவங்களும் எழுதுவாங்க.

முருகேசன் அண்ணா (9.10): மேஜை. கால அட்டவணை, கைமணி, ஒப்பந்தத் தாள் ஒண்ணு (சம்பளம் தெரியற மாதிரி மடிக்காம), கூட்டெழுத்துப் பயிற்சித் தாள், அதாவது ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதற பயிற்சி. தாள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்ள, செலோடேப் படக் கூடாது. போட்டோ பின்னாடி பென்சில்ல எண், பேனா முன்பக்கம் அச்சு விழும்.

பிரபு (9.15): கூட்டெழுத்துத் தாள்ல வெறும் வட்டமா இருக்கே, அதையா வைக்கறது?

முருகேசன் அண்ணா (9.27): அதைத்தான். பாமர் முறை. சீடர் ராபிட்ஸ்லேர்ந்து நாடு முழுக்கப் போனது. விரலை அசைக்கக் கூடாது, முன்கைச் சதை மேசையில படிஞ்சு அதுலேர்ந்து கை மொத்தமா ஓடணும். முட்டை வட்டம் ஒண்ணு மேல ஒண்ணா, அப்புறம் மேல கீழ கோடு. வட்டம் கோணினா விரல் அசைஞ்சிருக்குன்னு அர்த்தம், கோடு நடுவுல தடிச்சா பேனாவை அழுத்தியிருக்கு. டீச்சர் தாளைப் பார்த்தே யார் எங்க தப்பு பண்றாங்கன்னு சொல்லிடுவாங்க. டவுன்ல மூணாம் வகுப்புதான் கூட்டெழுத்து ஆரம்பம், 29 வருஷமும் இவங்க கையிலதான். சர்ச்ல எத்தனை பேர் கையெழுத்து ஒரே மாதிரி சாயுதுன்னு அந்தப் புத்தகத்துலயே தெரியும்.

பிரபு (9.30): அண்ணா, ஜெலட்டின் தட்டையும் வைக்கலாமா? பெட்டியில காலித் தகரம்தான் இருக்கு.

முருகேசன் அண்ணா (9.58): செஞ்சே வைக்கலாம். அவங்களோட கணக்குத் தாள் ஒண்ணை எடுத்து அதுல நாப்பது நகல் எடுத்து வர்ற பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம். அளவு, 9க்கு 13 அங்குல ட்ரேவுக்கு:

ஜெலட்டின் தூள் 2 அவுன்ஸ், அதாவது நாக்ஸ் பிராண்ட் பொட்டலம் 8. சர்க்கரை, வாசனை சேராதது. குளிர்ந்த தண்ணி 1 கப். கிளிசரின் 13 அவுன்ஸ், மருந்துக் கடையில கிடைக்கும்.

ஜெலட்டினைத் தண்ணியில ஊற விடு. கிளிசரினை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வெச்ச பாத்திரத்துல சூடாக்கு, 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, கொதிக்கக் கூடாது. ஊறினதைப் போட்டு மெதுவாக் கிளறு. வேகமா அடிச்சா நுரை வரும், நுரை குமிழி ஆகும், குமிழி இருக்கற இடத்துல எழுத்து ஓட்டையா விழும். ட்ரேவுல ஊத்தினதும் ஒரு தாள் ஓரத்தால மேல இழுத்துக் குமிழியை ஓரம் ஒதுக்கு. சமமான இடத்துல ராத்திரி முழுக்க அசையாம இருக்கட்டும்.

ஜெயந்தி மாமி (10.02): ஜெலட்டின் மாடு, பன்றியோட எலும்பு, தோல்லேர்ந்து எடுக்கறதாச்சே. கடல்பாசி போட்டா?

முருகேசன் அண்ணா (10.06): கடல்பாசி விறைப்பா நிக்கும் மாமி, வளையாது. தாளை உரிக்கும்போது அதுவும் பேர்ந்து வரும். நீங்க தொட வேண்டாம், நான் கலக்கறேன்.

பிரபு (10.10): மைக்கு எங்க போறது?

முருகேசன் அண்ணா (10.31): பச்சை குத்தற கடைக்காரங்க வெச்சிருக்கற ஊதா கார்பன் தாள். அதே சாயம்தான். ஆனா அதை இருக்கற மாதிரியே வெச்சு எழுதாதே. அதுல சாயம் மேல் தாளோட முதுகுல தலைகீழா விழற மாதிரி அடுக்கியிருக்கும். அதைத் தட்டுல போட்டா நகல் கண்ணாடியில பார்க்கற மாதிரி வரும். ஊதாத் தாளை மட்டும் கழட்டி, சாயப் பக்கம் கீழ பார்க்க ஒரு நல்ல வெள்ளைத் தாள் மேல வை. அதுக்கு மேல கணக்குத் தாளோட ஜெராக்ஸை வெச்சு பால்பாயிண்ட்ல அழுத்தி எழுது. அடியில இருக்கறதுதான் மூலம்.

ஜெலட்டினை ஈர ஸ்பாஞ்சால ஒத்தி, மேல தண்ணி நிக்காம துடை. மூலத்தைக் கவுத்து, கையால நீவி, மூணு நிமிஷம் விடு. மூலையைப் பிடிச்சு மெதுவா உரி. இப்ப தட்டு மேல எழுத்து தலைகீழாத் தெரியும். வெள்ளைத் தாளை வெச்சு நீவி உடனே எடு. முதல் பத்துக்கு சில விநாடி போதும், போகப் போக அரை நிமிஷம், ஒரு நிமிஷம் வைக்கணும். நாப்பதுக்கு மேல மங்கிடும். ஈரம் அதிகமா இருந்தா எழுத்து பரவும். தட்டு காய்ஞ்சிருந்தா தாள் ஒட்டிக்கும்.

முடிஞ்சதும் வெதுவெதுப்பான தண்ணியால துடைக்கலாம். இல்லாட்டி ஒரு நாள் சும்மா விடு, சாயம் அடியில இறங்கிடும், மறுபடி எழுதலாம். கிராமப் பள்ளி டீச்சருங்க அப்படித்தான் பண்ணுவாங்க. கையுறை போட்டுக்கோ, ஊதா நாலு நாளைக்குப் போகாது. அந்தக் காலத்துல டீச்சர் விரலைப் பார்த்தாலே நாளைக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சுடும்.

பிரபு (10.33): கடைசி வரி பக்கத்துக்கு எடுத்துக்கறேன் அண்ணா.

வியாழன்

கலா அக்கா (மாலை 5.15): சர்ச் சமையல் குழுவைக் கேட்டுட்டேன். கேக்காம எதையும் தூக்கிட்டுப் போகாதீங்க, அடுப்பு இடம் அவங்க பிரிச்சு வெச்சிருப்பாங்க. பன்னுக்குள்ள ஹாம், ஜெல்லோ சாலட், பார்ஸ் (துண்டு போட்ட இனிப்பு), காபி அவங்களோடது. நம்மது சீஸ் உருளைக்கிழங்கு ரெண்டு ட்ரே. ஒண்ணு சைவம்.

ஜெயந்தி மாமி (5.40): ஒரு ட்ரேவுக்கு, துருவின உறைஞ்ச உருளை 30 அவுன்ஸ் பை, சோர் க்ரீம் 16 அவுன்ஸ், செடார் சீஸ் 2 கப், வெண்ணெய் அரை கப், கெட்டி சூப் 1 டின். சைவ ட்ரேவுக்குச் சிக்கன் சூப்புக்குப் பதில் காளான் சூப், டின்னைத் திருப்பிப் படிச்சு வாங்குங்க. மேல கார்ன்ஃப்ளேக்ஸ் 2 கப், உருக்கின வெண்ணெயில புரட்டி. 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல 50 நிமிஷம். உருளையை முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜுக்குள்ள இறக்கி இளக விடணும், ஐஸோட போட்டா அடியில தண்ணி நிக்கும். ட்ரே அடியில மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேர் எழுதுங்க. கார்ன்ஃப்ளேக்ஸை அங்க போய்த்தான் தூவணும், இல்லாட்டி நமுத்துடும். மிளகாய் சேர்க்கலாமான்னு யாரும் கேக்க வேண்டாம்.

பிரபு (9.20): புது வரைவு. நாலு நிமிஷம் வருது.
"1949இல், 18 வயதில், காலை ஏழரைக்கு முன் ஒரு நிலக்கரி அடுப்பைப் பற்ற வைப்பதில் அவர் வேலை தொடங்கியது. திங்கட்கிழமைகளில் இன்னும் முன்பே. எட்டு வகுப்புகள், ஒரே அறை, ஒரு நாளைக்கு 28 பாடங்கள்..."
மிச்சம் ஃபைல்ல இருக்கு.

முருகேசன் அண்ணா (9.31): இது அவங்க. "28 பாடங்கள்"ங்கறதை வாசிச்சதும் ஒரு மூச்சு விட்டு நிறுத்து. அந்தக் கிராமப் பள்ளிப் பிள்ளைங்க முன் வரிசையில இருப்பாங்க, தலையாட்ட நேரம் குடு. 36 வருஷம் எங்க வருது?

பிரபு (9.32): கடைசிப் பத்தியில, 7 கூட்டல் 29ன்னு பிரிச்சே.

முருகேசன் அண்ணா (9.33): சரி. அன்பே உருவானவர்?

பிரபு (9.33): எடுத்துட்டேன்.

கலா அக்கா (10.05): எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. முருகேசன் அண்ணா கலக்கின தட்டு என் கராஜ் பிரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல இருக்கு. பக்கத்துலயே சர்ச்சுக்குப் போற லைம் ஜெல்லோவும் இருக்கு, ரெண்டும் ஒரே மாதிரி ட்ரே. வெளிர் மஞ்சளா, பச்சை இல்லாம இருக்கறது கிளிசரின். அதைச் சனிக்கிழமை யாரும் சாப்பாட்டு மேஜைக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க.